கலாவிடம் சொல்லாத ஒரு வார்த்தை

இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். கல்லூரியில் கடைசி வருஷம். சுற்றுலா போன இடத்தில், நண்பர்களோடு சேர்ந்து ஒரு விலைமாதிடம் போனேன். கடையில் ஆணுறை கேட்க வெட்கமாக இருந்தது. ஊர் திரும்பியதும், கூடப் படித்த என் காதலி கலாவோடும் இருந்தேன்.

பிறகுதான் எனக்கு அந்த இடத்தில் புண் வந்தது. கலாவைப் பற்றிச் சொன்னதும், ஊசி போட்ட டாக்டர், "அந்தப் பொண்ணையும் இட்டுக்கினு வா. வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ளயே இருக்கும்" என்றார்.

கல்லூரி மூடியிருந்ததால் கலா கல்வராயன் மலையடிவாரத்தில் தன் ஊருக்குப் போயிருந்தாள். போராட்டக்காரர்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் ஓடவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. பஸ் விட்ட பிறகும் நான் போகவில்லை. என்ன கேட்பாளோ என்ற பயத்தில் அவளைவிட்டே விலகிவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மெலிந்திருந்தாள்.

"கண்ணாலம் ஆச்சு. கொழந்த வயித்துலயே செத்துப்பூட்ச்சு. ரத்தத்துல மேகநோய்னாங்க. அவரு என்னை அம்மா வூட்டுக்கே அனுப்பிட்டாரு."

"என்னாலதான் கலா. எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

அவள் திட்டவில்லை.

"அப்பவே ஊசி போட்டிருந்தா கொழந்த பொழச்சிருக்கும்னாங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

என் முதல் குழந்தையை நர்ஸ் என் கையில் கொடுத்தபோது நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.