நகத்தளவு டிக்கெட்

முசிறியிலிருந்து திருச்சி வரும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் அவர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். பேச்சு முழுக்க பஸ் டிக்கெட்டைப் பாதி பாதியாக மடித்துக்கொண்டே இருந்தார். ஸ்ரீரங்கம் அம்மாமண்டபத்தில் திதி கொடுக்க ஆன்லைனில் ஏற்பாடு செய்வது அவர் தொழில்.

"எல்லாருக்கும் விளம்பரம் போட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க சார். சுருக்கணும். முதல்ல வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்க. அப்புறம் அதுலயே அப்பா தவறினவங்க. அங்கயும் போட்டி வந்துடுச்சு."

"இப்ப?"

"அப்பா ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க. அவங்க போன்ல தேடுறதை வச்சே விளம்பரம் போயிடும். நாம முந்திக்கணும் இல்லையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரோ வாழைத்தார் விலை சொல்வதுபோலச் சொன்னார். டிக்கெட் நகத்தளவு ஆகியிருந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா சார்? அப்பாவுக்கா?" குரல் அவ்வளவு இதமாக இருந்தது.

"இல்லைங்க, ஃப்ரெண்டுக்கு" என்றேன்.

அவர் நிஜமான அக்கறையோடுகூடக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கூட்டத்தில் மறையும்வரை அப்பாவின் கஞ்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றேன்.