ஷெரோமியின் முதல் ஏர்போட் ஹயர்

றொசல்லையில் ஷெரோமியைத் தெரியாதவர்கள் கிடையாது. எட்டு வருடம் ஹட்டன் டவுனில் ஆட்டோ ஓட்டியவள், போன மாதம்தான் வாடகைக்கு ஓட்ட வேன் எடுத்தாள். "ஆட்டோ ஓட்டுறது வேற, ஏர்போட்டுக்குப் போறது வேற தங்கச்சி" என்று ஸ்டாண்டில் வாய் ஓயாமல் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன, சொல்வதற்குக் காசா பணமா!

முதல் ஏர்போட் ஹயர் வீரய்யா வீட்டிலிருந்து வந்தது. அவர் மகள் ஷாமிலாவுக்குத் திருச்சியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கல்லூரியில் போய் நிற்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். பிளேன் திங்கட்கிழமை பகல் இரண்டே முக்காலுக்கு. ஒன்றே முக்காலுக்கெல்லாம் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

கொழும்பிலிருந்து திருச்சிக்குச் சுமார் நானூறு கிலோமீட்டர், பிளேனில் ஒரு மணி நேரம். றொசல்லையிலிருந்து கட்டுநாயக்க ஏர்போட்டுக்கு நூற்றுச் சொச்சம்தான், அதற்கு ஐந்து மணி நேரம். நம் ரோட்டின் லட்சணம் அப்படி.

திங்கள் காலை ஏழு மணிக்கே வேன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்றது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஷாமிலாவுக்கு விபூதி பூசிக்கொண்டே இருந்தார்கள். ஏழு இருபதுக்கு வீரய்யா மணி பார்த்தார்.

"ஏழரைக்கு ராகுகாலம் புள்ள. ஒம்பதுக்கு மேல போவோம். ஒரு மணி நேரத்துல போற ஊருக்கு ஏன் பறக்குற?"

"அது பிளேனுக்குங்க மாமா. பிளேன் றொசல்லைக்கா வருது?"

மனுஷன் மசியவில்லை. ஷெரோமி சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண். ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. ஆனால் இதே லயத்தில் வளர்ந்தவள். நல்ல நேரத்தில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக இவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஷாமிலாவின் பெட்டியைத் தூக்கி வேனில் போட்டாள். ரோட்டோரத்தில் இருந்த கந்தப்பன் வீட்டில் அதை இறக்கியபோது ஏழு இருபத்தெட்டு. திரும்பி வந்து வீரய்யாவின் முன்னால் நின்றாள்.

"பரஸ்தானம் வச்சாச்சுங்க மாமா. பயணம் பொறப்பட்டுருச்சு. இனி ராகு வேணும்னா பின்னால ஓடி வரட்டும்."

வீரய்யா மனைவி மீனம்மாதான் முதலில் சிரித்தார். ஏழே முக்காலுக்கு, மூவரையும் கந்தப்பன் வீட்டில் இருந்த பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, வேன் கிளம்பிவிட்டது.

கினிகத்தேனையைத் தாண்டியதும் மண்சரிவு. ஒற்றை வழியில் வாகனங்களை விட்டு விட்டு அனுப்பினார்கள். முக்கால் மணி நேரம் அங்கேயே போயிற்று. வீரய்யா மணியைப் பார்ப்பதும் ஷெரோமியைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒன்பதுக்குப் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

பகல் ஒன்று இருபதுக்கு ஷெரோமி ஏர்போட் வாசலில் பிரேக் போட்டாள். ஷாமிலா பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். அரை மணி நேரத்தில் உள்ளேயிருந்து அழைத்தாள், போர்டிங் பாஸ் கையில் கிடைத்துவிட்டதாம். மீனம்மா ஷெரோமியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பிளேன் ஏறும்வரை இருந்துவிட்டுத்தான் திரும்பினார்கள். நாலரைக்கு வீரய்யாவின் போன் அடித்தது.

"அப்பா, திருச்சிக்கு வந்துட்டேன்! நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"பாதி வழி அவிசாவளை கூட இன்னும் வரலம்மா!" வேனே அதிரச் சிரித்தார் வீரய்யா. பிறகு ஷெரோமியின் பக்கம் திரும்பினார். "வர்ற தையில நாங்க அவளப் பாக்கப் போறோம். எத்தனை மணிக்குப் பொறப்படணும்னு நீயே சொல்லு புள்ள. நாங்க வாயே தெறக்க மாட்டோம்."