பாதிச் சார்ஜ்

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஒரு வீட்டு மணம் அந்த மாடி முழுவதற்கும் பொது. ஒருவர் கருவாடு பொரித்தால் எல்லோரும் பொரித்த மாதிரித்தான். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் பல்கனிக்கு ஓடி, மூலையில் இருந்த மண்சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பற்றரி ஊதவில்லை, கசியவும் இல்லை. வளர்ந்த மனிதன் ஒருவன் நகச்சாயத்துக்குப் பயந்து ஓடியதை யாரும் பார்க்காதது நல்லது.

ரிமோட் காருக்குப் போடுகிற லிப்போ பற்றரி பழுதாகிக் கசிந்தால் அப்படித்தான் மணக்கும். இனிப்பும் சாயமும் கலந்த மணம். அந்த மணம் வந்தால் வீட்டில் ஏதோ பத்தப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பயம் என் உடம்பில் ஊறிவிட்டது. அந்தப் பயத்துக்குப் பின்னால் அக்காவும் நிசாரும் இருக்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் நான் வாங்கியது ஒரு ரிமோட் கார். உனக்கு எத்தனை வயது என்று அக்கா கேட்டாள். அவள் பள்ளிக்கூட ரீச்சர். அந்தக் கேள்வியை அவள் பிள்ளைகளிடம் கேட்பது போலவே என்னிடமும் கேட்பாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். கார் வாங்கிய இடத்தில்தான் நிசாரைக் கண்டேன். கொட்டாஞ்சேனையில் அவனுடைய வாப்பாவுக்கு இரும்புக்கடை. என் வயதுதான், என்னைப் போலவே கிறுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருகொடவத்தையில், கொள்கலன்கள் அடுக்கிய ஒரு வெறும் முற்றத்தில், எங்களைப் போல நாலைந்து பேர் கார் ஓட்டுவார்கள். என்னுடைய கார் முதல் வளைவிலேயே தலைகீழாகிவிடும். மற்றவர்கள் ஓட்டிய தூரத்தைவிட, அதை நிமிர்த்த நான் ஓடிய தூரம் கூட.

நிசாருக்குக் காரைவிடப் பற்றரியில்தான் உயிர். முழுக்க ஏற்றிய பற்றரியை ஓட்டாமல் வைத்திருந்தால் அது ஊதிக் கெட்டுவிடும். அடிமட்டத்துக்கு இறங்க விட்டால் செத்துவிடும். ஓட்டம் இல்லாத நாட்களில் பாதியில்தான் வைக்க வேண்டும்; கூடினால் இறக்கி, குறைந்தால் ஏற்றி. சார்ஜில் போட்டுவிட்டு எழுந்து போகவும் கூடாது. பற்றரி இறங்கும்போது கத்துவதற்கென்று விரல் நகமளவில் ஒரு பஸர் இருக்கிறது, பற்றரியின் சின்ன வயரில் சொருகுவது. ஒருநாள் வெல்லப்போகிற ஓட்டத்தில் நிசாருடைய பஸர் கத்தியது. கோட்டுக்கு ஐந்தடி இருக்கும். அவன் காரை நிறுத்திவிட்டு, ஓடிப்போய்ப் பற்றரியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். நாங்கள் சிரித்த சிரிப்பில் காவலாளி எழும்பி வந்துவிட்டார்.

அக்கா பற்றரிகளை வீட்டுக்குள் விடவில்லை. என்னுடைய பழைய பற்றரி ஒன்று குசினியில் புகைந்த நாளிலிருந்து அந்தச் சட்டம். “உந்தச் சனியனுகளை வெளியில வை. எனக்கு உந்த மணம் ஆகாது.” அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. குளிர்காற்றுக்கும் தூசுக்கும் புகைக்கும் மூச்சு இழுக்கும். அவளே மீன்கறிச் சட்டி ஒன்றைத் தந்து, அடியில் மணலும் போட்டு, அதற்குள் வைத்து ஏற்றச் சொன்னாள். பல்கனியில் இரண்டு கதிரை போட்டு நானும் நிசாரும் சட்டிக்குக் காவல் இருப்போம். எழுந்து போகக் கூடாது என்ற விதி இருந்ததால்தான் நாங்கள் அவ்வளவு கதைத்தோம் என்று இப்போது நினைக்கிறேன். கடலில் இருந்து காற்று வரும், கீழே ரயில் போகும், அக்கா பிளேன்டீ கொண்டுவந்து வைப்பாள். நிசார் அவளைத் தாத்தா என்பான். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவது. கலியாணமே கட்டாத என்னைக் கிழவனாக்கிப்போட்டான் என்று அவள் முகத்தை நீட்டுவாள். ஆனால் அவனுடைய பிளேன்டீயில்தான் இஞ்சி கூட இருக்கும்.

பிறகு நாட்டில் காசு முடிந்துபோன அந்தக் காலம் வந்தது. கரண்ட் அட்டவணை போட்டுப் போனது. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. அக்கா வாய்க்குள் அடித்து இழுக்கிற பம்ப் மருந்துக்கு மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தேன்; இல்லை, இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள். அவளிடம் மிஞ்சியிருந்தது ஆவி பிடிக்கிற மெஷினும் அதற்கு ஊற்றுகிற கொஞ்ச மருந்தும்தான். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். அட்டவணையைப் பார்த்துப் பார்த்து, கரண்ட் போகுமுன் ஒருதரம் பிடித்துவிடுவாள். மூச்சையும் அட்டவணை போட்டு விட வேண்டியதாய் இருந்தது. எனக்கு ஆத்திரம் வரும். யார்மேல் என்று தெரியாமல் பல்கனிக் கம்பியில் குத்துவேன்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிறு ஓட்டத்துக்கென்று நிசார் தன்னுடைய புதுப் பற்றரிகள் இரண்டையும் எங்கள் பல்கனியில் முழுக்க ஏற்றி வைத்திருந்தான். அன்றைக்கு யாருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. ஓட்டம் நின்றுபோனது. அவன் மட்டும் கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தான், பற்றரிக்காக. முழுச் சார்ஜில் கிடந்தால் கெட்டுவிடுமே. ஒரு பழைய கார் பல்ப்பை மாட்டி இரண்டையும் பாதிக்கு இறக்கினான். கரண்ட் போன நேரம். பல்ப் பளிச்சென்று எரிந்தது. அக்கா அந்த வெளிச்சத்துக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினாள். இப்பதான் இந்தச் சாமான்களால் ஒரு பிரயோசனம் என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்த நாள் மத்தியானம் அட்டவணையில் இல்லாத நேரத்தில் கரண்ட் போனது. எங்கேயோ ஏதோ வெடித்துவிட்டதாம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கீழ்வீட்டில் காஸ் இல்லாமல் விறகு வைத்திருந்தார்கள். அந்தப் புகை ஏறிவந்தது. அக்காவுக்கு இழுக்கத் தொடங்கியது. இழுப்பு எனக்குப் பழக்கம். ஆனால் அன்றைக்கு அவளுடைய உதடு நிறம் மாறியதைக் கண்டேன். லிப்ட் இல்லை, நான்கு மாடி. ஆம்புலன்சுக்கு ஃபோன் அடித்தேன், வரும் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. நான் நிசாருக்கு அடித்தேன். அவன் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, காலி வீதியில் பெற்றோல் வரிசையில் வாப்பாவின் கடை வானோடு நின்றான். வானை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

வந்ததும் மெஷினின் அடாப்டரைத் திருப்பி வோல்ட்டைப் பார்த்தான். பிறகு கத்தியை எடுத்து அதன் வயரை வெட்டினான். இனிக் கரண்ட் வந்தாலும் சுவரில் சொருக முடியாது. அவன் வயரை உரித்து, சட்டியில் இருந்த பற்றரியின் வயரோடு முறுக்கி, ஒட்டுகிற ரேப் சுற்றினான். மெஷின் இரைந்தது. முகமூடியில் வெள்ளையாய் ஆவி வந்தது.

“தாத்தா, மெதுவா இழுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்.”

முதல் பற்றரி பாதிதானே. ஒரு மருந்து முடிந்து இரண்டாவது ஊற்றும்போதே பஸர் கத்தியது. மாற்றினோம். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அவளுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன் என்பதைத் தவிர என் மண்டையில் ஒன்றும் இல்லை. வெட்கம்கெட்ட சுயநலம்தான், ஆனால் அதுதான் உண்மை. இரண்டாவது பற்றரியும் கத்தத் தொடங்கியது. ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. நான் நிசாரைப் பார்த்தேன். கோட்டுக்கு ஐந்தடியில் காரை நிறுத்தியவன் அவன். அவன் பஸரைப் பிடுங்கிப் பல்கனிக்கு வெளியே எறிந்தான். முதல் பற்றரியையும் எடுத்து, அதில் இருந்த பஸரையும் பிடுங்கிவிட்டு வைத்துக்கொண்டான். இரண்டையும் மாறி மாறி, கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட விட்டான்.

அவள் ஒரு சொல் சொல்லக்கூடிய அளவுக்கு மூச்சு வந்ததும் கதிரையோடு தூக்கிக் கீழே இறக்கினோம். பெற்றோல் வரிசையில் முன்னுக்கு நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்தார். “நகின்ன மல்லி” என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிவிட்டு, இருந்த கொஞ்சப் பெற்றோலில் வரிசையை விட்டு வெளியே திருப்பினார். களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா பிழைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நிசார் குந்தியிருந்து அழுதான்.

“நேத்து நான் இறக்காம விட்டிருந்தா ரெண்டும் ஃபுல்லா இருந்திருக்கும் மச்சான்.”

நான் என்னென்னவோ சொன்னேன். பற்றரி தெரிந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான் என்றேன். அவன் காதில் ஏறவில்லை.

இரண்டு பற்றரியும் தலையணை போல ஊதிவிட்டன. வீடு திரும்பிய அக்கா அவற்றை வெளியே போட விடவில்லை. திருப்பி ஏற்ற ஏலாதா என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள். ஏற்றினால் பத்தும் தாத்தா என்று நிசார் விளங்கப்படுத்தினான். செத்த பற்றரியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் எறிய வேண்டும். வாளியில் உப்பை அவளே அள்ளிப் போட்டாள். அந்த நகச்சாய மணம் பல்கனி முழுக்க நின்றது. அன்றைக்கு மட்டும் அவள் அந்த மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு வாப்பாவின் கடை மூடியது. நிசார் கட்டாருக்குப் போனான். போகும் முன் தன் காரை விற்று, ஒரு புதுப் பற்றரி வாங்கி, மெஷினுக்குப் பொருத்தமான வயரும் கட்டி, பாதியில் வைத்துச் சட்டிக்குள் இறக்கினான். தாத்தாவுக்கு என்றான். கரண்ட் போகும் என்று தெரிந்தால் முழுக்க ஏற்று, மற்ற நேரம் பாதி. அக்கா என்னைவிட ஒழுங்காய் அதைக் கவனித்தாள். ஏறும்போது பக்கத்தில் கதிரை போட்டுக் கொப்பி திருத்துவாள்.

கொள்கலன் முற்றத்தில் இப்போது உயரமாய் மதில் கட்டியிருக்கிறார்கள். கரண்ட் வெட்டு நின்றுவிட்டது. அக்கா போன வருசம் போய்விட்டாள். பட்டப்பகலில், மெஷின் சுவரில் சொருகியபடி ஓடிக்கொண்டிருக்க, மருந்தும் இருக்க, மூச்சு மட்டும் வரவில்லை. பற்றரி சட்டிக்குள் பாதியில் கிடந்தது. அதை யாரும் தொடவே தேவைப்படவில்லை. நான் இன்னும் அதைப் பாதியில்தான் வைத்திருக்கிறேன். ஏற்றும்போது எழுந்து போகக் கூடாது என்பதால் பக்கத்தில் இருக்கிறேன். மற்றக் கதிரையில் உடுப்புக் காயப்போடுகிறேன்.

அக்கா போன அன்றைக்கே நிசாருக்கு அடித்துச் சொன்னேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“கரண்ட் இருந்திச்சா மச்சான்?”

“ஓம்” என்றேன். “இருந்தது.”

அப்ப பற்றரியால இல்ல, நல்லது என்றான். அதன்பிறகு நான் எத்தனை தரம் அடித்தும் அவன் எடுக்கவில்லை.