கோணேஸ்வரியின் கால் அளவு

கோணேஸ்வரிக்குக் கோபமே வராது என்று கனடாவின் ஸ்காபரோவில் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கலியாணமான நாளிலிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். கணவர் வீரக்குட்டி எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார். சப்பாத்தென்றால் இரண்டு சொக்ஸ் போடலாம். கோட்டென்றால் பிறகு மகளுக்கு ஆகும் என்பார். அவளுடைய அளவில் ஒரு சாமான் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

தொண்ணூற்றாறு மாரியில் ஐஸில் வழுக்கி விழுந்து முழங்கால் போனது. பேக்கரியில் நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. கால் சரிவந்தால்தான் திரும்ப எடுப்போம் என்றுவிட்டார்கள். காலில் துடுப்பு மாதிரி ஃபின்ஸ் மாட்டிக்கொண்டு நீந்தினால் முழங்கால் பலப்படும் என்று சிகிச்சைக்காரி சொன்னாள். வீரக்குட்டி அன்றைக்கே ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள் போடுகிற நீட்டு ஃபின்ஸ் ஒரு சோடி வாங்கிவந்தார். பலகை மாதிரி விறைப்பு. குதிக்குப் பின்னால் இரண்டு விரல் போகும்.

"பெரிசெண்டா ஒரு அடியில கனதூரம் போகலாம். பிறகு விதுர்சனும் போடுவான்" என்றார்.

மகன் போடட்டும். போட்டுப் பார்த்தது அவளல்லவா? ஃபின்ஸ் கழன்று போகாமலிருக்க விரல்களை மடக்கிப் பிடித்தே நீந்தினாள். குதித்தோல் உரிந்தது. முழங்கால் முன்னையைவிட வீங்கியது. "உனக்கு வயசு போச்சு" என்றார் வீரக்குட்டி. அவளும் அதை நம்பினாள்.

ஒருநாள் அதே நீச்சல் குளத்தில் நீந்துகிற கிளடிஸ் அவளுடைய குதியில் இரத்தத்தைக் கண்டுவிட்டு, தன்னுடைய நீளம் குறைந்த கட்டை ஃபின்ஸைக் கழற்றிக் கொடுத்தாள்.

"இதைப் போட்டுப் பாருங்கோ அக்கா. உங்கட ஃபின்ஸ் விறைப்பு. அடிக்கிற அடியெல்லாம் முழங்காலிலதான் விழும். கால் உள்ளுக்க ஆடினா பாதிப் பலம் அதிலயே போயிடும்."

மெத்தென்ற ரப்பர் காலைக் கவ்விப் பிடித்தது. மெல்ல உதைத்தாள், உடம்பு தானாக முன்னே போனது. முழங்கால் முனகவில்லை. மறுகரையைப் பிடித்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. பிழை காலில் இல்லை.

அன்று பின்னேரமே தன் காலுக்கு அளவாக ஒரு சோடி வாங்கிவந்தாள். வீரக்குட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உது ஒருத்தருக்கும் ஏறாதே. உனக்குப் பிறகு ஆர் போடுறது?"

"இவ்வளவு காலமும் எனக்குப் பிறகு போடுறவைக்குத்தானே வாங்கினீங்கள்" என்றாள் கோணேஸ்வரி. "இது நான் போடுறதுக்கு."

வைகாசியில் அவள் பேக்கரிக்குத் திரும்பினாள். முழங்கால் ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை. ஏன் ஆறவேண்டும்?