பத்தாயத்துக்கு அந்தப்பக்கம்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்ன நிறுவனம் ஒரு நிபந்தனையும் வைத்திருந்தது. நான் உட்காரும் மேசையில் இரண்டு மணி நேரம் இணையம் ஒருமுறைகூட அறுபடக் கூடாது. அதை அவர்கள் ஒருநாள் காலையில் அங்கிருந்தபடியே சோதிப்பார்கள். அறுபட்டால் சென்னைக்குப் போய் அலுவலகத்தில் உட்கார வேண்டும். அப்பாவின் முழங்கால் போன வருடமே கைவிட்டுவிட்டது. வரப்பு வெட்டுவது, மருந்தடிப்பது எல்லாம் நான்தான். நான் சென்னைக்குப் போனால் வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட வேண்டியதுதான். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பா கையெழுத்துப் போட மட்டும் பழகியவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. நான் கல்லூரிவரை போனவன் என்பதால் வயர் உள்ள எதைப் பற்றியும் எனக்குத் தெரியும் என்பது வீட்டின் நம்பிக்கை. பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது வணிகவியல். அதை யாருக்கும் விளக்கப் போனதில்லை.

கேபிள்காரர் முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் வைஃபை முன்னறையோடு நின்றது. என் மேசை இருப்பது பின்னறையில். இடையில் ஒரு நடு அறை. அதனால் தனியாக ஒரு ரவுட்டர் வாங்க மாசி மாதத் தொடக்கத்தில் கோட்டாற்றுக்குப் போனேன். நான்கு நாள் யூடியூபில் பார்த்து, எத்தனை ஆண்டெனா, எந்த அலைவரிசை என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரப் பாய் நோட்டைப் பார்க்கவில்லை. தூரத்தை மட்டும் கேட்டார். அதற்கு ரவுட்டர் எதற்கு, பெட்டியிலிருந்து மேசைக்கு ஒரு கேபிள் இழுத்தால் போதுமே என்றார். வீட்டுக்குக் குறுக்கே வயர் ஓடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வயர் இல்லாமல் வேலை பார்ப்பதுதான் படித்தவன் வேலை என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்கும்.

"நடு ரூம்ல என்ன கெடக்கு தம்பி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல பாய். காலியாத்தான் கெடக்கு."

நான் சொன்னது பொய்யில்லை. நடு அறையில் பத்தாயம் நின்றது. நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி, என்னைவிட உயரம், சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். மாசியில் வரும் கும்பப்பூ அறுப்புக்கு முந்தைய நாட்கள் என்பதால் உள்ளே அடியில் நாலு மரக்கால் நெல்கூட இல்லை. காலிப் பத்தாயத்தை நாங்கள் பொருளாகவே நினைப்பதில்லை.

நான்கு ஆண்டெனா உள்ளதை வாங்கி வந்தேன். கேபிள்காரர் பெட்டியிலிருந்து வந்த வயரைத் தனியாக இருந்த நீலத் துளையில் செருக வேண்டும். நான் மஞ்சள் துளை நான்கிலும் மாற்றி மாற்றிச் செருகி அரை நாளைப் போக்கினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகச் செருகியதும் விளக்கு பச்சையானது. பின்னறையில் முழுக் கோடுகள் காட்டின. அப்பா அதற்குக் கொம்புப் பெட்டி என்று பெயர் வைத்தார்.

பன்னிரண்டு நாள் எந்தத் தொந்தரவும் இல்லை. அதற்குள் அறுப்பு மெஷின் வந்தது. மூன்று நாள் தார்ப்பாயில் காயப்போட்டு, ஓலைக் கடவத்தில் சுமந்து நாங்கள் மூவரும் பத்தாயத்தை நிறைத்தோம். கடைசிக் கடவத்தை அப்பாதான் ஏணியில் ஏறிக் கொட்டுவார். அந்த முழங்காலோடும் ஏறினார்.

மறுநாள் காலையில் என் மேசையில் ஒரு கோடுதான் இருந்தது. அதுவும் போய்ப் போய் வந்தது. சோதனைக்கு இன்னும் இரண்டு நாள். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். சேனலை மாற்றினேன். ஆண்டெனாக்களை நிமிர்த்தினேன், சாய்த்தேன். கேபிள்காரர் வந்து முன்னறையில் பார்த்து, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். பத்தாயத்துக்கு இந்தப்பக்கம் நான்கு கோடு. அந்தப்பக்கம் ஒன்று. பாய் கேட்ட கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"லேய், நெல்லா மறிக்கிது?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. இன்னும் ஈரம் இருக்குல்லா. ஈரம் மறிக்கும்."

அவர் பத்தாயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்பம் வாரிருவோம் மக்கா. சாக்குல கெட்டித் தொழுத்துல போட்டா போச்சு. உனக்க சோலி நடக்கட்டும்."

மாடு விற்றபின் தொழுத்து காலியாகத்தான் கிடந்தது. அங்கே எலி ஒரு மாதத்தில் பாதியைத் தீர்த்துவிடும் என்று அம்மா சொன்னாள். அப்பா அதற்குள் சாக்குகளை எடுத்து உதறத் தொடங்கியிருந்தார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கோட்டாற்றுக்குக் கிளம்பினேன்.

"அன்னைக்கே கேட்டம்லா தம்பி, ஒண்ணும் இல்லன்னு சொன்னிய."

"அன்னைக்கு இல்ல பாய். இப்பம் நெல்லு இருக்கு."

பாய் வாய்க்குள் சிரித்துக்கொண்டே இருபது மீட்டர் கேபிள் வெட்டிக் கொடுத்தார்.

தரையில் விட்டால் அப்பாவின் காலில் சிக்கும். பத்தாயம் சுவரோடு ஒட்டி நிற்பதால் பின்னால் வழியில்லை. கேபிளைப் பத்தாயத்தின் மூடிப் பலகைகளுக்கு மேலே கிடத்தி, சுவரில் இருந்த காற்றுத் துளை வழியாக என் அறைக்குள் இறக்கினேன். படித்தவன் வீட்டில் கடைசியில் வயர்தான் ஓடியது.

சோதனை அன்று காலையில் அம்மாவுக்கு நெல் எடுக்க வேண்டியிருந்தது. அவிக்க அடுப்பு மூட்டியாகிவிட்டது. என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மக்கா, இந்த வயரத் தொட்டா உனக்க வேலை போயிருமா?"

இழுக்காமல் தூக்கினால் போதும் என்றேன். ஏணியில் அவள் ஏறும் சத்தமும் பலகை நகரும் சத்தமும் கேட்டன. காற்றுத் துளையில் கேபிள் ஒரு விரற்கடை மேலே போய் அங்கேயே நின்றது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் நெல்லை அள்ளிக்கொண்டிருந்தாள். திரையில் பச்சைக் கோடு நேராக ஓடியது. எதிர்முனையில் இருந்தவர் அது என்ன சத்தம் என்று கேட்டார். வீட்டு வேலை என்றேன். இரண்டு மணி நேரம் முடிந்தது. மறுநாள் அனுமதிக் கடிதம் வந்தது. சாக்குகளை அப்பா மடித்துத் தொழுத்தில் போட்டார்.

இப்போது ஆனி மாதம். வயர் அப்படியே கிடக்கிறது. போன் மட்டும் வைஃபையில் ஓடுகிறது. என் மேசையில் அதற்கு ஒன்றாக இருந்த கோடு இரண்டாகி, போன வாரம் மூன்றானது. ஏணியில் ஏறிப் பலகையை விலக்கிப் பார்க்க அம்மா இப்போதெல்லாம் மெனக்கெடுவதில்லை. அடுக்களையிலிருந்தபடியே கேட்கிறாள், எத்தனை கோடு காட்டுகிறது என்று. மூன்று என்றேன். இருக்கிற நெல் அடுத்த அறுப்புவரை காணாது என்று அப்பாவிடம் சொன்னாள்.