உதடு தைத்த பிறகு வைக்க இருந்த பெயர்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, முந்திரிப் பருவம் தொடங்கிய நேரத்தில் என் மகள் பிறந்தாள். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் அம்மா உயிரோடு இல்லாததால் தலைப்பிரசவத்துக்கும் நான் புகுந்த வீட்டிலேயே இருந்தேன். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். வீட்டில் மாமியாரும் நானும்தான்.

குழந்தையின் மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. அழுதபோது அண்ணத்திலும் பிளவு தெரிந்தது. பிரசவம் பார்த்த டாக்டர், "ஆபரேஷன்ல சரியாயிடும்மா, கொஞ்சம் எடை கூடட்டும்" என்றார். நான் நம்பினேன். மாமியாரும் நம்பினார். ஆனால் அதுவரை குழந்தை யார் கண்ணிலும் படக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

எங்கள் வழக்கப்படி பெயர் சொல்லும் உரிமை தகப்பனின் சகோதரிக்கு. என் நாத்தனார் வந்து குழந்தையைத் தொட்டிலில் போட்டு, காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். அவர் அப்போது மூன்று மாத கர்ப்பிணி. பிளந்த உதட்டைப் பார்த்தால் வயிற்றில் இருப்பதற்கும் அப்படியே ஆகும் என்று அவரது புகுந்த வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

"ஒதட்டத் தச்சதும் வரட்டும். பேரு எங்க போயிடப் போவுது?" என்றார் மாமியார். கணவரும் போனில் அதையே சொன்னார். பெயர் முடிவாகியிருந்தது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நானும் குழந்தையும் பின்கட்டு அறையில் இருந்தோம். வாசலில் மாமியாரிடம் முந்திரிக்கொட்டை விற்க வருகிறவர்களின் பேச்சு கதவு வழியாகக் கேட்கும்.

"என்னாக்கா, பேத்திய கண்ணுலயே காட்ட மாட்டேங்குறீங்க? தூக்கிட்டா போயிடுவோம்?"

"சளி புடிச்சிருக்குடி."

"சித்திரை வெயில்லயா?"

சிரிப்பு எழும். மாமியார் சிரிக்க மாட்டார். அவர் உள்ளே திரும்பியதும் இன்னொரு குரல் தாழும். "கிரகணத்தப்ப எதையோ நறுக்கிப்புட்டாளாம்."

நான் எதையும் நறுக்கவில்லை. அன்று மாமியார் என்னை இருட்டறையில் உட்கார வைத்து, கிரகணம் விடும் வரை கூடவே இருந்தார். அது அவருக்குத் தெரியும். ஆனாலும் வாசலில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

குழந்தையால் சப்பிக் குடிக்க முடியாது. பாலைப் பீய்ச்சி, நிமிர்த்தி வைத்துப் பாலாடையில் கொடுப்பேன். பாதி மூக்கு வழியாக வரும். நெற்றி வேர்க்கும், மூச்சு வாங்கும், பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடுவாள். எடை ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் அண்ணத்துப் பிளவுதான் காரணம் என்று நினைத்தேன். திருமணத்துக்கு முன்பு நான் திருச்சியில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவளாக இருந்தேன். தலைப்பிலேயே பெரிய பிழை இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். கீழே இருக்கும் பிழைகள் தப்பிவிடும். வீட்டில் நடந்ததும் அதுதான்.

பருவம் முடிந்தபோது, பெரம்பலூரில் உதட்டுப் பிளவு முகாம் நடப்பதாகத் தெரியவந்தது. ஜெயங்கொண்டம் போய், அரியலூரில் பஸ் மாறிப் போனேன். குழந்தையின் முகத்தைத் துண்டால் மூடித்தான் மாமியார் அனுப்பினார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், "காத்து வேணாமா புள்ளைக்கு? துணிய எடுங்க" என்று தானே விலக்கினார். பிறகு அரியலூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

முகாமில் இருந்த டாக்டரம்மா உதட்டைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். சட்டையைக் கழற்றச் சொல்லி, காது, விரல், முதுகு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"பால் குடிக்கிறப்ப நெத்தி வேர்க்குதா?"

"வேர்க்குதுங்க. அண்ணம் பொளந்திருக்கறதால கஷ்டப்படுறான்னு நெனச்சேன்."

"அதுவும் இருக்கும். ஆனா இதயத்துல சத்தம் கேக்குதும்மா. ஒதட்டுப் பிளவோட சில குழந்தைங்களுக்கு வேற குறையும் சேர்ந்து வரும். அதான் ஒதட்டோட நிறுத்தறதில்ல."

ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், உதடு பிறகுதான் என்றார். கிளம்பும்போது கிரகணத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அப்ப எத்தனாவது மாசம் உங்களுக்கு?"

"ஏழு."

"ஒதடு ரெண்டாவது மாசமே கூடியிருக்கணும்மா. இதயமும் அந்தச் சமயத்துலதான் உருவாகுது. நிறைய பேருக்கு அப்பதான் உண்டாயிருக்கறதே தெரியும்."

திரும்பி வரும்போது அந்தப் பதிலை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. துண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த மாதம் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மாமியார் கூட வந்தார். வார்டில் அவர் குழந்தையைத் தூக்கவில்லை. பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருப்பதாக டாக்டர்கள் சொன்னார்கள். எடை குறைவு என்பதையும் சொன்னார்கள்.

ஆபரேஷன் அன்று காலை, கையில் பட்டை கட்ட வந்த நர்ஸ் கேட்டார். "பாப்பா பேரு?"

"இன்னும் வைக்கலைங்க."

என் பெயரை எழுதி, இன்னாருடைய குழந்தை என்று கட்டிவிட்டுப் போனார். நான் மாமியாரிடம் சொன்னேன்.

"அத்தை, உங்க மகளுக்குப் போன் போட்டு, பாப்பா காதுல இப்பவே சொல்லச் சொல்லலாமே."

"வேணாம்."

"ஏன் அத்தை?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஒம் புருசனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு. பொண்ணு. பேரு வெச்சு, பொழுதன்னைக்கும் கூப்புட்டுக்கிட்டுக் கெடந்தேன். காய்ச்சல்ல போயிடுச்சு. போனப்புறமும் அந்தப் பேரு வாயில வந்துகிட்டே இருந்துச்சு. மாட்டக் கூப்புடப் போனாலும் அதுதான் வருது. ஒனக்கு அந்தப் பாடு வேணாம்."

அந்த வீட்டில் அதுவரை யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. மூடிய கதவையும் முகத்தில் போட்ட துண்டையும் நான் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் எவ்வளவு வெட்கம், எவ்வளவு பயம் என்று பிரித்துச் சொல்ல இன்றும் என்னால் முடியாது.

குழந்தையை எடுத்துப் போக வந்தார்கள். மயக்கத்துக்கான மருந்து முன்பே கொடுத்திருந்ததால் கண்கள் பாதி மூடியிருந்தன. எனக்கு அனுமதியில்லாத கதவு வந்ததும் குனிந்து, அவள் காதில் பெயரைச் சொன்னேன். மூன்று முறை. அவள் முகம் அசையவில்லை. கதவு மூடியது.

மாமியார் நடைபாதையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். நான் இந்தக் கோடியில் உட்கார்ந்தேன். என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. மதியம் கடந்து டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்.

உதட்டைத் தைத்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. அண்ணத்தை மூடியது அதற்கும் பிறகு. நாத்தனாருக்கு எந்தக் குறையும் இல்லாத பையன் பிறந்தான். அவர் வந்து என் மகளைத் தொட்டிலில் போட்டு, நான் ஏற்கெனவே சொல்லிவிட்ட பெயர் என்று தெரியாமலே அதே பெயரை அவள் காதில் சொன்னார். நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது அவள் நிறையப் பேசுகிறாள். சில எழுத்துகள் இன்னும் மூக்கால் வருகின்றன. அதற்குப் பயிற்சி நடக்கிறது. மாமியார்தான் சோறு ஊட்டுகிறார், தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் போய் வருகிறார். ஆனால் இன்றுவரை "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார். பெயரைச் சொல்வதில்லை, நானும் வற்புறுத்துவதில்லை.

நான் அந்தப் பெயரை ஒரு நாளில் எத்தனையோ தடவை சொல்கிறேன். பதில் வராமலும் போகலாம் என்று தெரிந்தேதான் யாரையும் நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பது, அவள் "என்னம்மா" என்று கேட்கும் வரையுள்ள அந்த ஒரு நொடியில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிகிறது.