ஆணியில் தொங்கிய பென் டிரைவ்

என் கணினியில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்று சொன்னாலே போதும், தங்கை புருஷனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "அந்தக் கறுப்புத் திரையில என்னதான் தட்டிக்கிட்டு இருப்பீரு மச்சான்?" என்பான். பென் டிரைவைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டித் திரிந்த காலம் அது.

ஒருநாள் மதியம் தங்கையும் அவனும் தக்கலையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். தங்கைக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நர்ஸுக்குப் படித்தவள். குவைத் ஆஸ்பத்திரி வேலைக்குச் சான்றிதழ்களை அன்று ஐந்து மணிக்குள் மெயிலில் அனுப்பியாக வேண்டும். அசல்கள் தூதரக முத்திரை வாங்க டெல்லிக்குப் போயிருந்தன. ஸ்கேன் செய்த நகல்கள் இருந்தது அவள் கையிலிருந்த ஒரே பென் டிரைவில்தான். மூன்று கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் சொருகிப் பார்த்துவிட்டு, செத்துப்போச்சு என்று கையை விரித்துவிட்டார்கள்.

"விதிச்சது இவ்வளவுதான், போட்டும் விடு," என்றான் மச்சான். மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு அவள் போவதில் அவனுக்கு இஷ்டமே இல்லை. அவன் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டதும் எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது.

"கொஞ்சம் வாய மூடும்!" என்று சொல்லிவிட்டுச் சொருகினேன். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. புதுச் சாதனம் என்றது, அடுத்த வரியில் பிழை என்றது. மறுபடியும் அதே. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். செத்த சாமானுக்கு ஒரு வரிகூட வராது. இது பேசப் பார்க்கிறது, பாதியில் அறுந்துபோகிறது.

"மக்கா, இத எங்க வச்சிருந்த?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"மாதா படத்துக்குக் கீழ, ஜெபமாலகூட ஆணியில தொங்கப் போட்டிருந்தேன் அண்ணே. பத்திரமா இருக்கட்டும்னு."

அவள் வாழ்க்கைப்பட்டது மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரையில். அந்தப் படம் மாட்டியிருப்பது கடலைப் பார்த்த ஜன்னலோரம். ஆறு மாதம் உப்புக்காற்று குடித்து, பென் டிரைவின் முனையிலிருந்த உலோகப் பட்டைகள் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தன. "ஏட்டி, கள்ளனுக்குப் பயந்து மாதாவக் காவல் வச்சியே, காத்துக்கு யார வச்ச?" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அழிரப்பரை மெல்லிசாகச் சீவி உள்ளே விட்டுத் தேய்த்தேன். திரும்பச் சொருகியதும் வரிகள் மளமளவென்று இறங்கின. பெயர் வந்தது, கொள்ளளவு வந்தது. ஆனால் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. எப்போதோ பாதியில் பிடுங்கியிருக்கிறாள், உள்ளே பதிவுகள் குழம்பியிருந்தன. எதையும் எழுதாதே, வாசிக்க மட்டும் செய் என்று கட்டளை கொடுத்துப் பார்த்தேன்.

திறந்தது! பன்னிரண்டு சான்றிதழ்களும் ஒன்றுகூடச் சேதமில்லாமல் இருந்தன. மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். "எப்படி இருக்கு மச்சான்!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்படி ஒரு கர்வம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

எல்லாவற்றையும் மெயிலில் சேர்த்துவிட்டு அனுப்பப் போனேன். தங்கை என் கையைத் தட்டிவிட்டாள்.

"மாறுண்ணே, நான் அமுக்குதேன்."

அமுக்கினாள். மணி நாலரை. மச்சான் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். கிண்டலுக்கு ஏதாவது சொல்வான் என்று நான் பதிலோடு காத்திருந்தேன்.

"பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்," என்றான் அவளிடம். "நீ தைரியமா போயிட்டு வா."